அடியில் பத்துத் துண்டு

பத்து மணிக்கு அடித்த மணியின் அதிர்வு இன்னும் இரும்பைவிட்டு இறங்கவில்லை, அதற்குள் மாடக்கண்ணுவின் நாக்கு பல்லிடுக்குக்குப் போய்விட்டது. இடது கடைவாயில், ஒரு பல் விழுந்த குழிக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவில். அங்கே ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். காலையிலிருந்து இரண்டு டீ தவிர வாயில் எதுவும் படவில்லை. இருந்தும் நார் ஒன்று சிக்கியிருப்பது போலவே இருந்தது. பதினோரு வருஷமாக அப்படித்தான் இருக்கிறது. பெண்கள் பள்ளிக்கூடத்துத் தாவரவியல் ஆய்வகத்துக்கு வெளியே, ஒரு கால் ஆடும் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். உள்ளே முப்பது பிள்ளைகள் செய்முறைத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு விரல் நீளத் தண்டு, ஒரு புது பிளேடு. தண்டைக் குறுக்கே வெங்காயச் சருகு மாதிரி மெலிசாகச் சீவி, சிவப்புச் சாயத்தில் போட்டெடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஒருவிதையிலையா இருவிதையிலையா என்று எழுதிப் படம் போட வேண்டும். அந்தத் தண்டுகளைக் கொண்டுவந்து கொடுப்பது மாடக்கண்ணுவின் தொழில். கொண்டுவந்தவர் பரீட்சை முடியும்வரை வெளியே காத்திருக்க வேண்டும் என்பது வழக்கம். தண்டு அழுகல் என்று எவளாவது கை தூக்கினால் மாற்றுக் கொடுக்க வேண்டும், முடிந்ததும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். உள்ளே போயிருந்த பக்கெட்டில் ஈரத்துணியின் மேல் மடிப்பில் இருபது துண்டு சூரியகாந்தி. அடி மடிப்பில் பத்துத் துண்டு கீரைத்தண்டு.

மழை பெய்தால் நான் என்ன செய்ய முடியும் என்று அவர் கேட்டார். யாரிடம் கேட்டார் என்பது அவருக்கே தெளிவில்லை. எதிரே சுவரில் ஊமத்தம்பூப் படம் ஒன்று ஆணியில் சரிந்து தொங்கியது, அதனிடம் கேட்ட மாதிரி இருந்தது. மூன்று நாள் விடாமல் ஊற்றியதில் கரிசல் காடு முழுக்கச் சூரியகாந்தி தலை கவிழ்ந்து கிடந்தது, அடித்தண்டெல்லாம் விறகு, நுனித்தண்டெல்லாம் கூழ். பிளேடு இறங்குகிற பதத்தில் இருந்த செடி பத்து. செடிக்கு இரண்டு துண்டு. அதைக் கொடுக்கவே காட்டுக்காரன் என்ன மிதப்பு மிதந்தான், மாடக்கண்ணு அவனோடு வரப்பில் நின்று தொண்டை கட்டக் கத்தி, மண்வெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு நாலு எட்டு நடந்துகாட்டி, அவன் கூப்பிட்ட பிறகு திரும்பி வந்து வாங்கினார். திரும்பும் வழியில் சந்தை. சந்தை வாசலில் தண்டுக்கீரை குவித்திருந்தாள் ஒருத்தி, கட்டைவிரல் பருமனில், பச்சையில் லேசாகச் சிவப்போடி, நல்ல தண்டு. அவர் நிற்கவில்லை. தாண்டிப் போய்விட்டார். இதை யார் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளட்டும், அவர் தாண்டித்தான் போனார், சைக்கிள் கடைவரை போய்விட்டார். பிறகு கால் திரும்பியது. முப்பதுக்கு ஒன்று குறைந்தாலும் அடுத்த வருஷம் வேறு ஆளிடம் போய்விடுவோம் என்று தலைமையாசிரியை போன வாரம் சொன்னது காதில் இருந்தது, அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் தன் கையை அவருக்குத் தெரியும். அந்தக் கை சூரியகாந்தியின் சுணையைச் சாக்குத் துணியால் தேய்த்து வழித்து, இரண்டையும் ஒரே அளவில் நறுக்கி, ஒன்றுபோல் ஆக்கி, எது மேலே எது கீழே என்று அடுக்கியபோது நடுங்கவே இல்லை. பழகிய கை. ஒரே ஒரு தடவை செய்த வேலைக்கு இத்தனை பழக்கம் எங்கிருந்து வந்தது.

யார் பார்க்கிறார்கள். அதுதான் விஷயம். எந்தப் பிள்ளை பார்த்து வரைகிறாள். முப்பது வருஷமாகப் பள்ளிக்கூட வாசல்களில் காத்துக் கிடந்து அவர் கண்டுகொண்ட உண்மை இது: வருவது நாலே சரக்குதான். சூரியகாந்தித் தண்டு, மக்காச்சோளத் தண்டு, அவரை வேர், மக்காச்சோள வேர். கணு இருந்தால் சோளம், கணு இல்லாமல் உருண்டையாக இருந்தால் சூரியகாந்தி. கையில் வாங்கின உடனே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும், பிறகு என்ன மைக்ராஸ்கோப்பு, மனப்பாடமாக ஒரு வட்டம், வட்டத்துக்குள் வளையமாகத் தண்ணீர் ஓடும் குழாய்க் கற்றைகள், வளையல் கடையில் கோத்துத் தொங்கவிட்ட மாதிரி, நடுவில் வெள்ளையாகச் சோறு. இருவிதையிலைத் தண்டு, முடிந்தது. சோளமென்றால் கற்றைகளை இறைத்துவிட வேண்டும், எள்ளைத் தரையில் கொட்டின மாதிரி. ஒருவிதையிலை, முடிந்தது. அவர் படித்தது ஐந்தாவது. மிச்சத்தையெல்லாம் ஜன்னல் வழியாகக் கேட்டும் திட்டு வாங்கியும் கற்றுக்கொண்டார். தவளை பிடித்துக் கொடுத்துத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தார், கண்மாய்க் கரையில் தவளை, கல்லூரி வாசலில் பேரம், செத்த தவளைக்குப் பாதி விலை என்ற மாஸ்டரின் சட்டையைப் பிடித்துச் சண்டை. தவளை அறுக்கக் கூடாதென்று உத்தரவு வந்தபோது ஒரே வாரத்தில் தண்டுக்கும் வேருக்கும் மாறினார். மாறத் தெரியாதவன் சாகவேண்டியதுதான். உள்ளே யாரோ ஒருத்தி பிளேடை வாட்ச்கிளாஸ் கிண்ணத்தில் தட்டினாள், கிணிங். இன்னொருத்தி. கிணிங். பத்துப் பேரில் ஒன்பது பேர் பார்க்க மாட்டாளுக, சரி. ஒன்பதை விட்டுவிடுவோம். ஒருத்திக்கு மட்டும் பேசுவோம். அந்த ஒருத்தியும் பார்க்க மாட்டாள் என்று யார் சொல்வது. அன்றைக்கும் ஒருத்திதானே பார்த்தாள்.

இசக்கிச்செல்வி. பேர் அவருக்குத் தானாகவே வரும், கூப்பிட வேண்டியதில்லை. பதினோரு வருஷத்துக்கு முந்தின ஒரு பரீட்சை நாள், அவர் வீட்டுப் பின்கட்டில் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார், சாயங்காலம் நாலரை, வெயில் தொட்டித் தண்ணீரில் விழுந்து சுவரில் ஆடியது. யூனிபாரத்தோடு வந்து நின்றாள், ஒல்லியாக, நெற்றியில் வேர்வை, விரல்நுனியெல்லாம் சாயம் குங்குமம் மாதிரி ஒட்டியிருந்தது. அண்ணாச்சி, இன்னைக்குப் பரீட்சைக்குக் குடுத்தியள்லா, அந்தத் தண்டுல ஒண்ணே ஒண்ணு குடுங்க, திரும்ப வெட்டிப் பாக்கணும் என்றாள். சண்டைக்கு வரவில்லை. அதுதான். சண்டைக்கு வந்திருந்தால் அவருக்கு வழி தெரியும். கையில் ஒரு தாள் வைத்திருந்தாள், பரீட்சையில் போட்ட படத்தை வெளியே வந்ததும் மரத்தடியில் உட்கார்ந்து மறுபடி போட்டிருந்தாள். ஓரத்தில் ஒரு வளையம், உள்ளே நடுச்சோற்றில் கற்றைகள் சிதறி, ஆனால் எந்தக் கற்றைக்கும் சோளத்துக்கு வருகிற முகம் இல்லை. கீழே அழகான எழுத்தில்: கற்றைகள் சிதறியுள்ளன, ஆயினும் மக்காச்சோளம் போல இல்லை, இது என்ன வகை என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று பரீட்சைத் தாளில் எழுதின ஒரே பிள்ளை உலகத்திலேயே அவளாகத்தான் இருக்கும். தேர்வுக்கு வந்த சார் அதை முழுக்கக் கோடு போட்டு அடித்துவிட்டார். பின்கட்டு வாசலில், அவளுக்கு இரண்டடி தள்ளி, முறத்தில் மிச்சக் கீரைத்தண்டுகள் கிடந்தன. அவள் அதைப் பார்த்தாளா. இந்த இடத்தில்தான் எப்போதும் சிக்கும். பார்த்தாள் என்று ஒருநாள் தோன்றும், பார்க்கவில்லை என்று மறுநாள். அவர் கத்தினார். அவருக்குக் கத்தத் தெரியும். "சூரியகாந்திதாம்ட்டி அது! ஒழுங்காப் படிக்காம, ஆம்பள வீட்டு வாசல்ல வந்து எங்கிட்ட நியாயம் கேக்கியோ? வெளிய போ!" அவள் தாளைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள். கோபமாக வைக்கவில்லை, காற்றில் பறக்காமலிருக்க ஒரு கல்லை எடுத்து மேலே வைத்துவிட்டுத்தான் போனாள். அந்த மிச்சத் தண்டு அன்றைக்குப் புளிக்குழம்பாயிற்று. மென்று சாற்றை உறிஞ்சிச் சக்கையைத் துப்பினார். ஒரு நார் மட்டும் துப்ப வரவில்லை.

வேளாண்மைக் கல்லூரி இடம் அவளுக்கு ஒன்றரை மார்க்கில் கைநழுவிப் போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டார். பஞ்சாலை வேலைக்கு மில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள் என்றார்கள். பம்பாய்ப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்றார்கள். மூன்றாவதாக ஒருத்தர் டீக்கடையில், அந்த இசக்கி புள்ளையா, அது பாவம், என்று ஆரம்பித்தார். மாடக்கண்ணு கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். பாவம் என்றால் என்ன பாவம். எத்தனையோ பாவம் இருக்கிறது. அந்த வாக்கியத்தை முடிக்க விடவில்லை, அதனால் அது முடியவே இல்லை, பதினோரு வருஷமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து ஒரு மே மாதம், பள்ளிக்கூடத்தில் யாரும் இல்லாத பகலில், ஆய்வக உதவியாளர் ஞானதீபம் அலமாரி துடைத்துக்கொண்டிருந்தபோது, மடியில் ஒரு கீரைத்தண்டோடு போனார். சும்மா பாக்கணும் தங்கச்சி என்றார். அவரே சீவினார், சவர பிளேடால், விரலையும் சேர்த்து. குனிந்து கண்ணை வைத்தார். முதலில் அவருடைய இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு சிவப்பாக ஒரு வானம், அதில் சிதறி, சிதறி, இசக்கிச்செல்வி போட்ட மாதிரியே, ஒரு புள்ளி கூடக் குறையாமல். கீரை இருவிதையிலைதான் அண்ணாச்சி, ஆனா உள்ள பாத்தா ஏமாத்தும், இத யாரும் பரீட்சைக்கு வைக்க மாட்டாவ, என்றாள் ஞானதீபம், எதுவும் தெரியாமல். சோளத் தண்டையும் காட்டினாள். அதைப் பார்த்திருக்கக் கூடாது. ஒவ்வொரு கற்றையும் ஒரு மண்டையோடு. புஸ்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருக்குது, மண்டையோட்டு வடிவம்னு, என்று சிரித்தாள். மேலே இரண்டு பெரிய ஓட்டை கண், கீழே கிழிந்த வாய். நூறு, இருநூறு, பக்கத்தில் பக்கத்தில், எல்லாம் அவரையே பார்த்தன. அதன்பிறகு சோளக் காட்டுக்குள் போகும்போதெல்லாம், வெளியே பச்சையாக ஆடுகிற ஒவ்வொரு தட்டைக்குள்ளும் நுனியிலிருந்து வேர்வரை அந்த முகங்கள் வரிசையாக நிற்கின்றன என்ற நினைப்பு வரும். எந்த இடத்தில் வெட்டினாலும் பார்க்கும்.

ஆய்வகக் கதவு திறந்து ஞானதீபம் வெளியே வந்தாள், கையில் சாயப் பாட்டில். "என்ன அண்ணாச்சி, மூஞ்சி இப்பிடி வேர்க்குது? காலைல சாப்பிட்டியளா?" "சாப்பிட்டேன். உள்ள எப்பிடிப் போவுது?" "என்னத்தப் போவுது. இன்னைக்கு முப்பது பேருக்கும் ஒரே சரக்கு, சூரியகாந்திதான். வெளியூருல இருந்து பரீட்சை வைக்க வந்த எக்ஸ்டெர்னல் சார் முதல் துண்ட வெட்டிப் பாத்தாவ, நல்ல தண்டுன்னு சொன்னாவ. ஒம்ம தண்டுக்கு என்ன கொறை." அவர் தலையாட்டினார். முதல் துண்டு. மேல் துண்டு. "கடைசி ரெண்டு மேசைக்குத்தான் துணிக்கு அடியில கிடந்தத குடுத்தேன். அதுல ஒரு பிள்ள என்னமோ வெட்டிக்கிட்டே இருக்கா, எட்டாவது தடவ வெட்டுதா. தண்டு தீந்துரும் போல." மாடக்கண்ணு பெஞ்சின் விளிம்பைப் பிடித்தார். "எதுக்கு?" "அதுக்கு வெட்ட வரல போல. பயந்த புள்ள." பாட்டிலை நிரப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவு தானாக மூடிக்கொண்டது. எட்டு தடவை. வெட்டத் தெரியாதவள் எட்டு தடவை வெட்டமாட்டாள், கிடைத்ததை வைத்துக்கொண்டு வட்டம் போட்டுவிடுவாள். எட்டு தடவை வெட்டுகிறவள் தன் கண்ணை நம்பாதவள். திரும்பத் திரும்ப வெட்டுகிறாள், திரும்பத் திரும்ப அதே சிதறல் வருகிறது.

வராந்தா ஜன்னலுக்கு வெளியே ஒரு பனையும் ஒரு வேம்பும் நின்றன, கிட்டக்கிட்ட. வேம்பின் இடுப்பில் பழைய வெட்டு ஒன்று இருந்திருக்க வேண்டும். உதடு மாதிரி பட்டை இரண்டு பக்கத்திலிருந்தும் வளர்ந்து மூடி, இப்போது வெறும் சுருக்கம். பனையில் யாரோ அரிவாளால் கொத்திய பள்ளம் கொத்தினபடியே கிடந்தது. அவருக்குத் தெரிந்து இருபது வருஷமாக. பனைக்கும் தென்னைக்கும் புண் மூடாது, ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, பட்டைக்கு அடியில வளர்ற படலம் ஒண்ணு வேணும் அண்ணாச்சி, கேம்பியம்னு பேரு, அது வேம்புக்கு உண்டு, பனைக்குக் கிடையாது, என்று ஞானதீபம் சொன்னாள். வேம்பு வருஷத்துக்கு ஒரு வளையம் போட்டுப் பழசை உள்ளே புதைத்துக்கொண்டே போகும். அடி வாங்கினால் அதற்கு மேலும் ஒரு வளையம். மாடக்கண்ணு தன்னை வேம்பு என்றுதான் நினைத்திருந்தார். எத்தனை அடி. கண்மாய்க்குள் தள்ளிவிட்டவன், சரக்கை வாங்கிக்கொண்டு நாயை அவிழ்த்துவிட்டவன், கூட்டாளி என்று வந்து வழித்துக்கொண்டு போனவன், எல்லாவற்றையும் மூடி மூடி இந்த உடம்பாகித்தானே நிற்கிறார். எவன் பேர் கேட்டாலும் இன்றைக்கு வலிக்காது. இது ஒன்று மட்டும் வெட்டினபடியே. அடுத்தவன் வெட்டினது மூடுகிறது, தான் வெட்டினது மூடவில்லை, என்ன கணக்கு இது, எவன் பேசி முடித்த பேரம்.

பதினொன்றே முக்கால். பன்னிரண்டுக்குத் தாளை வாங்குவார்கள். சரி, பேசுவோம் என்றார் அவர், பெஞ்சில் தன் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்து. அங்கே யூனிபாரம் போட்ட ஒல்லி உருவம் உட்கார்ந்திருக்கவில்லை, அவருக்கென்ன பைத்தியமா, ஆனாலும் அந்தப் பக்கம் பெஞ்சு கொஞ்சம் தாழ்ந்த மாதிரி இருந்தது. இதோ பாரு தாயி. நான் உள்ளே போய்ச் சொன்னால் இந்தப் பள்ளிக்கூடம் போச்சு. இது போனால் சேதி பரவி மற்ற ஆறு பள்ளிக்கூடமும் போகும். அம்பத்தஞ்சு வயதில் எந்தக் கண்மாய்க்குப் போய் எந்தத் தவளையைப் பிடிக்க. அடுத்த வருஷத்திலிருந்து சொந்தமாகச் சூரியகாந்தி போடுகிறேன், தொட்டியில் வளர்க்கிறேன், மழை பட விடமாட்டேன். இது கடைசி. விலை சொல்லாமல் நிற்கிறவர்களிடம் பேரம் பேச முடியாது, அதுதான் இந்தத் தொழிலில் மோசமான ஆள், ஒன்றுமே கேட்காமல் நிற்கிறவன். ஒண்ணே ஒண்ணு குடுங்க என்றுதானே கேட்டாள். முறம் இரண்டடியில் கிடந்தது. குனிந்து ஒரு தண்டை எடுத்துக் கொடுத்திருந்தால் அவளே வெட்டிப் பார்த்து அவளே கண்டுபிடித்திருப்பாள். கொடுத்திருக்கலாம். கை அன்றைக்கு நீளவில்லை. நாக்கு பல்லிடுக்கில் தடவியது, தடவியது. இல்லாத நார் அசைந்தது. உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம். "இன்னும் பத்து நிமிஷம்" என்றது ஓர் ஆண் குரல். மாடக்கண்ணு எழுந்தபோது பெஞ்சு ஒருபக்கம் சாய்ந்து தரையில் மோதியது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

முப்பது தலைகள் திரும்பின. "ஓய், யாரு நீரு, பரீட்சை நடக்குதுல்லா?" என்று அந்த எக்ஸ்டெர்னல் சார் எழுந்தார், கண்ணாடி போட்ட நடுவயதுக்காரர். "தண்டு கொண்டாந்தவன் சார். அடியில இருந்த பத்தும் சூரியகாந்தி இல்ல. கீரத்தண்டு." சொல்ல நினைத்ததைவிட சத்தம் பெரிதாக வந்தது, அவருக்குச் சின்னக் குரலே கிடையாது. ஞானதீபத்தின் கையிலிருந்த பாட்டில் மேசையில் டக்கென்று உட்கார்ந்தது. "தெரியாம வந்துட்டா?" என்றார் சார். "தெரிஞ்சேதான் வச்சேன்." சார் கடைசி இரண்டு மேசைக்கும் நடந்து போனார். பத்துத் தாளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை, இருந்த கொஞ்சமும் வடிந்து, ஒருமாதிரி நிம்மதி இருந்தது. "எல்லாரும் சரியாத்தான போட்டிருக்காவ? வளையம், நடுவுல வெள்ளையாச் சோறு, எல்லாம் இருக்கு. பத்தும் சூரியகாந்திதான். ஒமக்கென்ன காலையிலேயே மண்டைக் கோளாறா? ஒண்ணும் கெட்டுப்போகல. பேசாமப் போரும், நானும் எதுவும் கேக்கல." கதவு திறந்தே இருந்தது. இவ்வளவுதான். மன்னிப்புகூடக் கேட்க வேண்டியதில்லை, வெளியே போனால் போதும். இத்தனை மலிவாக எதுவும் அவருக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

அவர் வெளியே போகவில்லை. கடைசி மேசையின் ஓரத்தில் ஒருத்தி முழங்கையால் தாளை மறைத்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் வாட்ச்கிளாஸில் சீவல்கள் மிதந்தன, எட்டல்ல, பத்துப் பதினைந்து இருக்கும். தண்டு விரல்நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தது. மாடக்கண்ணு கிட்டே போய் நின்றார். "கைய எடு தாயி" என்றார். அவள் சாரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கையை எடுத்தாள். வளையம் சுத்தமாக இருந்தது, புஸ்தகத்தில் இருக்கிற மாதிரி. அதன் நடுவே வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் மட்டும் வெள்ளையாக இல்லை. ரப்பர் அழுத்தித் தேய்த்துத் தாள் நார்நாராக எழும்பியிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரிந்தது, பென்சில் அழுந்திய பள்ளங்கள், சிதறி, சிதறி. கீழே பதில் எழுதும் கோட்டிலும் எதையோ எழுதி அழித்திருந்தாள். இருவிதையிலைத் தண்டு என்ற எழுத்துக்கு அடியில் அந்தப் பழைய எழுத்து இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவருக்கு வாசிக்க வேண்டியிருக்கவில்லை. "சார், இங்க வாங்க" என்றார் அவர், திரும்பாமலே. "இந்தப் பிள்ள வெட்டுனத லென்சுல வச்சுப் பாத்துட்டு, பிறகு என்னப் போகச் சொல்லுங்க. பாக்காம நான் போக மாட்டேன். போலீசக் கூப்பிட்டாலும் போக மாட்டேன்." சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்தார். திருகைத் திருகினார். மறுபடி திருகினார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. "இது சூரியகாந்தி இல்ல" என்றார், குனிந்தபடியே.

ஞானதீபம் பக்கெட்டைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள். அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை. அவர் அதைத் தூக்கிக்கொண்டார், துணி மட்டும்தான் இருந்தது, இருந்தும் கனத்தது. "அழிச்சதத் திரும்பப் போடு தாயி" என்றார். சத்தம் இந்தத் தடவை வரவில்லை, உதடுதான் அசைந்தது. "மணி அடிக்கட்டும், தாள யாரும் புடுங்க மாட்டாவ. நீ பாத்தது எதுவோ அதப் போடு." அவள் விரல்நுனிகள் சிவப்பாக இருந்தன. பன்னிரண்டு அடிக்க ஆரம்பித்தது. அவள் பென்சிலை எடுத்து, தாளைக் கொஞ்சம் சாய்த்து, எழும்பிய நாரைக் கையால் தடவி அமர்த்திவிட்டு, பழைய பள்ளத்திலேயே முனையை வைத்தாள். ஒரு புள்ளி. தள்ளி இன்னொன்று.